ஊமை ராணிக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை?

என் அத்தைக்கு எட்டு வயதில் காது கேட்காமல் போயிற்று. கடுமையான ஜுரம் ஒன்று வந்து இருபது நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாளாம். ஜுரம் இறங்கிய அன்று காலையில் பாட்டி கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டே, "ஏண்டி, கஞ்சி குடிக்கிறாயா?" என்று கேட்டாளாம். பதில் இல்லை. கூடத்துக்கு வந்து கேட்டாளாம். அப்பொழுதும் பதில் இல்லை. கட்டிலண்டை வந்து தோளைத் தொட்ட பிறகுதான் குழந்தை திரும்பிப் பார்த்து, "அம்மா, எல்லாரும் ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள்?" என்றதாம்.

இன்று அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஊஞ்சல் சங்கிலியில் ஒரு சிலேட்டு எப்பொழுதும் தொங்கிக் கொண்டிருக்கும். கைப்பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் சண்டை போட வேண்டுமானால் சிலேட்டுத்தான் சௌகரியம் என்பது அவள் கட்சி. எழுதிக் காட்டிவிட்டு, எதிராளி பதில் எழுதுவதற்குள் அழித்துவிடலாம் அல்லவா?

அத்தைக்கு இன்னொரு சொத்தும் உண்டு. பாட்டி வாரா வாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, பைண்டு பண்ணி வைத்த 'பொன்னியின் செல்வன்'. வருஷம் ஒருமுறை முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரைக்கும் படித்து விடுவாள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஐந்தாம் பாகத்தை மூடி வைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்தாள். அதில் எழுதியது இது:

"எத்தனை தடவை படித்தாலும் இவளைக் கொன்றுவிடுகிறார். ஊமை ராணிக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை? காது கேட்காத கதாநாயகிக்குத் தாலி ஏறுகிற கதை ஒன்றுகூடவா உலகத்தில் இல்லை? நீ பத்திரிகையில்தானே உத்தியோகம் பார்க்கிறாய்? தேடிச் சொல்."

அத்தையின் உத்தரவை மீற முடியுமா? தேடினேன். கிடைத்ததை அத்தையிடம் மட்டும் சொல்லி முடித்துவிட மனம் வரவில்லை. வாசக நேயர்களும் கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பூங்குழலியின் அத்தை

முதலில் நம் வீட்டுக் கதையையே எடுத்துக் கொள்வோம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்து கொண்டிருந்த காலத்தில், தபால்காரரை வாசலில் நின்று வரவேற்ற குடும்பங்கள் எத்தனையோ! குந்தவையின் புத்திக்கும், நந்தினியின் அழகுக்கும், பூங்குழலியின் துணிச்சலுக்கும் வாசகர்கள் கட்சி பிரிந்து வாதாடினார்கள். ஆனால் இவர்கள் அனைவருடைய தலைவிதிக்கும் பின்னால் நின்ற ஒருத்தி வாய் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவள்தான் மந்தாகினி. ஊமை ராணி. பூங்குழலிக்கு அவள் அத்தை.

கடலோரத்துப் பெண் அவள். காதும் கேளாது, வாயும் பேசாது. கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கிய வாலிபனைக் கரடியிடமிருந்து காப்பாற்றுகிறாள். அந்த வாலிபன் சோழ ராஜகுமாரன். ராஜ்யத்தையும் பட்டத்தையும் மறந்து அவளுடன் அந்தத் தீவில் அவன் கழித்த நாட்கள்தாம் சுந்தர சோழருடைய வாழ்க்கையிலேயே இன்பமான நாட்கள். பிறகு ஒரு கப்பல் வருகிறது. அவனை அழைத்துப் போகிறது. அவள் அவனைத் தேடித் தஞ்சைக்கு வரும்போது அவன் தலையில் கிரீடம் இருக்கிறது. அவள் திரும்பி ஓடிப் போய்க் கோடிக்கரைக் கலங்கரை விளக்கின் உச்சியிலிருந்து கடலில் குதித்து விடுகிறாள்.

அவள் இறந்துவிட்டாள் என்றே ராஜா நம்புகிறார். ஆனால் அவள் பிழைத்துக் கொள்கிறாள். காவேரியில் விழுந்த குழந்தை அருள்மொழியை எடுத்துக் காப்பாற்றுகிறாள். இலங்கைக் காட்டிலே வளர்ந்த அருள்மொழியை மறுபடியும் காப்பாற்றுகிறாள். தன் கதையைச் சித்திரங்களாக எழுதி அவனுக்குக் காட்டுகிறாள். அவளுடைய சைகைப் பாஷை பூங்குழலிக்குப் புரிகிறது, அருள்மொழிக்குப் புரிகிறது. ராஜாவுக்கு மட்டும் வெகு காலம் வரைக்கும் அவள் ஆவியாகவே தோன்றுகிறாள். முடிவில் ராஜாவின் மீது எறிந்த வேலைத் தன் மார்பில் தாங்கிக்கொண்டு உயிரை விடுகிறாள்.

கல்கி அவர்கள் மந்தாகினியை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. கதையில் மிக உத்தமமான காதல் அவளுடையதுதான். இருந்தாலும் அத்தையின் கேள்வியை மறுக்க முடியவில்லை. உத்தமமான காதல் அவளுக்கு. கல்யாணமும் சிம்மாசனமும் இன்னொருத்திக்கு. அவள் காப்பாற்றலாம், தியாகம் செய்யலாம், சாகலாம். குடித்தனம் நடத்த முடியாது!

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். 'ஊமை' என்று நாம் சுலபமாகச் சொல்லி விடுகிறோம். பிறவியிலேயே காது கேளாதவர்களுக்குப் பெரும்பாலும் தொண்டையில் ஒரு குறையும் கிடையாது. குழந்தை பேசக் கற்றுக்கொள்வது காதினால். அம்மா சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் 'அம்மா' என்கிறது. கேளாத குழந்தைக்கு அந்தப் பாடம் போய்ச் சேருவதில்லை. அவ்வளவுதான். கையால் பேசும் பாஷையைக் காட்டிக் கொடுத்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே அதுவும் மூச்சு விடாமல் பேசும்.

சர்க்கஸிலிருந்து வந்த சிறுமி

நம் நாட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே போய்ப் பார்த்தேன். அங்கே எனக்கு அகப்பட்டவர் வில்கி காலின்ஸ். 'வெள்ளை உடை மாது' என்ற மர்மக் கதையைச் சார்லஸ் டிக்கன்ஸின் வாரப் பத்திரிகையில் 1859-லும் 1860-லும் தொடராக எழுதி லண்டன் நகரத்தையே தூங்காமல் அடித்தாரே, அவரேதான். அந்தப் புகழ் வருவதற்கு முன்பு, 1854-ல், முப்பது வயதில் அவர் ஒரு நாவல் வெளியிட்டார். அதன் பெயர் 'ஹைட் அண்ட் ஸீக்'. கண்ணாமூச்சி என்று சொல்லலாம். அதைத் தம் நண்பர் டிக்கன்ஸுக்கே சமர்ப்பணம் செய்தார்.

அதன் கதாநாயகி மேரி. தாயை இழந்த குழந்தை. ஒரு சர்க்கஸ் கோமாளியின் மனைவி தன் குழந்தையோடு குழந்தையாக அவளை வளர்க்கிறாள். குதிரைச் சவாரி வித்தையில் ஈடுபடுத்தப்பட்ட சிறுமி ஒருநாள் கீழே விழுகிறாள். எலும்பு முறியவில்லை, ஆனால் காது போய்விடுகிறது. பேச்சு மட்டும் பாக்கி இருந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால் அது கரகரத்து விகாரமாகிப் போகிறது. விடாமல் பேச வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சும் மறந்துவிடும் என்கிறார்கள் வைத்தியர்கள். வளர்ப்புத் தாய்க்கு அந்தக் குழந்தையைக் கட்டாயப்படுத்த மனம் வரவில்லை. நாளடைவில் மேரி மௌனமாகிவிடுகிறாள்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். என் அத்தைக்கும் பேச்சு உண்டு. எட்டு வயது வரைக்கும் பேசிய பேச்சு எங்கே போய்விடும்? வீட்டில் எங்களோடு பேசுவாள். ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரு கல்யாண வீட்டில் அவள் குரலைக் கேட்டு யாரோ சிரித்தார்களாம். சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை; பற்கள் தெரிந்தன. அன்று முதல் வெளி மனிதர் எதிரில் வாய் திறப்பதில்லை.

மேரியின் கதைக்குத் திரும்புவோம். சர்க்கஸ் முதலாளி அவளுடைய குறையையே காசாக்குகிறான். சீட்டுக்கட்டு வித்தைகள் செய்யும் செவிட்டு ஊமைச் சிறுமி என்று கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறான். மறைவில் அடிக்கிறான். வாலண்டைன் பிளைத் என்ற ஓவியர் ஒருவர் தற்செயலாக அந்தக் காட்சியைப் பார்க்கிறார். அவருடைய மனைவி தீராத வியாதியால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாதவள், குழந்தையும் கிடையாது. ஓவியர் அந்தச் சிறுமியை மீட்டு வீட்டுக்கு அழைத்துவந்து மகளாக வளர்க்கிறார். ரஃபேல் வரைந்த மாதா சித்திரத்தைப் போல் அவள் முகம் இருக்கிறது என்பதால் எல்லோரும் அவளை 'மடோனா' என்றே கூப்பிடுகிறார்கள்.

மடோனாவைக் காலின்ஸ் வருணித்திருக்கும் விதம் அருமையானது. அவள் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்து கொள்கிறாள். விரல்களால் எழுத்துக்களைக் காட்டிப் பேசுகிறாள். சிலேட்டில் எழுதுகிறாள். வருகிறவர்களுடைய முகத்தைப் பார்த்தே குணத்தை எடை போட்டு விடுகிறாள். அவளுக்கு ஒரே ஒரு பயம், அது இருட்டு. காது கேட்காதவளுக்கு விளக்கு அணைந்தால் உலகமே அணைந்தது போலத்தானே? கேட்கிற நமக்கு இது சட்டென்று தோன்றுமா? இன்றைக்கும் எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றால் முதலில் அத்தையின் கையைப் போய்ப் பிடித்துக் கொள்வோம்.

இப்படிப்பட்ட பெண்ணுக்குக் காதல் வருகிறது. ஓவியர் வீட்டுக்கு வந்து போகும் ஸாக் என்ற வாலிபன், நல்லவன், கலகலப்பானவன், கொஞ்சம் பொறுப்பில்லாதவன். தன் கையால் வரைந்த சித்திரத்தை அவனுக்குப் பரிசாகக் கொடுக்கிறாள் மடோனா. அவனுக்கு அந்தப் பரிசின் அர்த்தம் புரிவதில்லை. காது நன்றாகக் கேட்கிறவனுக்குத்தான் இந்தக் கதையில் ஒன்றுமே விளங்குவதில்லை!

கடைசியில் என்ன ஆகிறது? அமெரிக்கக் காடுகளில் சுற்றித் திரிந்த ஒரு முரட்டு மனிதர் ஊர் திரும்புகிறார். தலைமயிரால் பின்னிய ஒரு கைவளையைக் கொண்டு துப்புத் துலக்குகிறார். மடோனாவின் தாய் அவருடைய தங்கை. அவளை ஏமாற்றிக் கைவிட்டவனோ, ஊரார் மெச்சும் பக்திமான், ஸாக்கின் சொந்தத் தகப்பனார்! ஆகவே ஸாக்கும் மடோனாவும் அண்ணன் தங்கை ஆகிவிடுகிறார்கள். காதல் சகோதர வாஞ்சையாக மாறிவிடுகிறது. மடோனா ஓவியர் வீட்டிலேயே இருந்து விடுகிறாள். சுபம்!

விட்டுப்போன பக்கம்

மனிதர் சாமர்த்தியசாலிதான். ஆனால் அத்தை சும்மா விடுவாளா? "கல்யாணம் பண்ணி வைக்க மனமில்லாமல் அண்ணனாக்கி விட்டாரோ?" என்று சிலேட்டில் எழுதினாள்.

இதற்குப் பதில் தேடியபோது ஒரு விஷயம் கிடைத்தது. அதுவரை ஆங்கில நாவல்களில் காது கேளாதவர்களை உள்ளது உள்ளபடி யாரும் சித்திரித்ததாகத் தெரியவில்லை என்று காலின்ஸே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஸ்காட்டின் நாவல் ஒன்றில் வரும் ஃபெனெல்லா ஊமையைப் போல் பாசாங்கு செய்கிறவள். நாடக மேடையில் வரும் ஊமைகளுக்கோ மற்றவர்கள் பேசுவதெல்லாம் கேட்டுவிடுகிறது என்று கேலியும் செய்கிறார். தாம் அப்படிச் செய்யக் கூடாது என்பதற்காக அவர் ஆதாரமாக வைத்துக்கொண்டது, டாக்டர் ஜான் கிட்டோ என்பவர் 1845-ல் வெளியிட்ட 'தி லாஸ்ட் சென்ஸஸ்' என்ற புத்தகம்.

யார் இந்தக் கிட்டோ? இங்கிலாந்தில் பிளிமத் நகரத்தில் பிறந்த ஏழைக் கொத்தனாரின் பிள்ளை. பன்னிரண்டு வயதில் தகப்பனாருக்குக் கூரை வேய உதவி செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்து காது போயிற்று. ஏழைகள் விடுதியில் கிடந்து, கையில் கிடைத்ததையெல்லாம் படித்து, பிறகு பெரிய வேத நூல் பண்டிதராக ஆனார். கதவைச் சாத்துவதையும், பலகைத் தரையில் ஒருவர் நடப்பதையும் பாதத்தின் வழியாகத் தாம் எப்படி உணர்கிறோம் என்று அந்தப் புத்தகத்தில் நுணுக்கமாக எழுதியிருக்கிறார். காலின்ஸ் இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். கிட்டோவுக்கு 1833-ல் கல்யாணம் ஆயிற்று. குழந்தைகளும் பல. தம் குழந்தைகளின் குரலை ஒருநாளும் கேட்டதில்லை என்ற ஏக்கத்தை அதே புத்தகத்தில்தான் அவர் எழுதியிருக்கிறார். மனைவி மக்களோடு வாழ்ந்த ஒரு மனிதரின் சுயசரிதையிலிருந்து காது கேளாமையை மட்டும் பிரித்தெடுத்துத் தம் கதாநாயகிக்கு வைத்தார் காலின்ஸ். குடும்பம் என்ற பக்கம் விட்டுப்போயிற்று. ஆண்பிள்ளைக்குக் குறை இருந்தால் குடும்பம் அமையும். பெண்பிள்ளைக்கு இருந்தால் அமையாது என்பது லண்டனிலும் எழுதாத சட்டம் போலும்!

வண்டிக்கார அப்பா

இனி அத்தைக்கு நல்ல செய்தி. யாருக்கு அந்த நாவல் சமர்ப்பணம் செய்யப்பட்டதோ, அந்த டிக்கன்ஸே பதினொரு வருஷம் கழித்து, 1865-ல், தம் வாரப் பத்திரிகையின் கிறிஸ்துமஸ் மலரில் ஒரு கதை எழுதினார். கதை சொல்கிறவர் பெயர் டாக்டர் மேரிகோல்டு. வைத்தியர் என்று எண்ணி விடாதீர்கள். பிரசவம் பார்த்த டாக்டரிடம் கொண்ட நன்றிக்காகப் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்து விட்டார்கள்! அவர் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கூவிக் கூவி ஏலம் போட்டு விற்கிறவர்.

அவருடைய சொந்தக் குழந்தை சோஃபி இறந்துபோகிறாள், மனைவியும் போய்விடுகிறாள். தனி மரமாகத் திரியும்போது, வேடிக்கை காட்டும் ஒருவனிடம் அடி பட்டுக் கொண்டிருந்த காது கேளாத சிறுமி ஒருத்தியைப் பார்க்கிறார். கால்சட்டை வார் அரை டஜன் ஜோடி கொடுத்து அவளை மீட்டுக்கொள்கிறார். அவளுக்கும் சோஃபி என்றே பெயர் வைக்கிறார். வாயே மூலதனமாகப் பிழைக்கிற மனிதருக்குக் காது கேட்காத மகள்! எழுத்து எழுதிய எலும்புத் துண்டுகளை வரிசையாக வைத்துப் படிப்புச் சொல்லித் தருகிறார். போகிற ஊரின் பெயரை எழுத்துக் கூட்டி வைத்து, வழியில் நிற்கும் மைல் கல்லையும் காட்டுகிறார். சீக்கிரமே இருவருக்கும் தனிப் பாஷை ஒன்று உண்டாகிறது. பதினாறு வயதில், தம்மால் முடிந்தது இவ்வளவுதான் என்று உணர்ந்து, லண்டனில் இருந்த செவிடர் பள்ளியில் இரண்டு வருஷம் படிக்க விடுகிறார்.

அங்கே அவளுக்கு ஒரு வாலிபன் அறிமுகமாகிறான். அவனுக்கும் காது கேளாது. அவனுக்குச் சீனாவில் உத்தியோகம் கிடைக்கிறது. அவளையும் வரச் சொல்கிறான். வயதான தகப்பனாரை விட்டுவர முடியாது என்று அவள் அழுகிறாள். இருவரும் கைகளால் பேசிக்கொள்வதை மேரிகோல்டு பார்த்துவிடுகிறார். மற்றக் கதைகளில் தகப்பனார்கள் மறைவில் நின்று ஒட்டுக் கேட்பார்கள். இவரோ ஒட்டுப் பார்க்கிறார்! அவளுடைய பாஷையை அவர்தானே உண்டாக்கினார்? ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. அங்கேயே அவளை அவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்.

கல்யாணம் நடக்கிறது. கப்பல் போய்விடுகிறது. கிழவர் மறுபடி தனிமரம். சோஃபிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி கடிதத்தில் வருகிறது. குழந்தைக்குக் காது கேட்குமா என்று இன்னும் தெரியவில்லை என்று எழுதுகிறாள். கேட்கவும் அவருக்குத் தைரியம் இல்லை. பின்னால் வந்த கடிதங்களில் அந்தப் பேச்சே இல்லை. வருஷங்கள் கழிகின்றன. ஒரு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு, வண்டிக்குள் கணப்பு முன்னால் அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் ஒரு சின்னஞ்சிறு குழந்தை வந்து நிற்கிறது. அவரைப் பார்த்து வாய் திறந்து, "தாத்தா" என்கிறது.

தொலைபேசி கண்டவர் வீட்டில்

கதையில் சரி, நிஜத்தில் உண்டா என்று கேட்பீர்கள். தொலைபேசி கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லைத் தெரியாதவர் யார்? அவருடைய தாயாருக்குக் காது கேளாது. அவர் மணந்துகொண்ட மேபல் ஹப்பர்டுக்கும் கேளாது. ஐந்து வயதில் வந்த விஷ ஜுரத்தில் போய்விட்டது. பாஸ்டன் நகரத்தில் பெல் ஆசிரியர், மேபல் மாணவி, பத்து வயது இளையவள். 1877 ஜூலையில் கல்யாணம். தம் தொலைபேசிக் கம்பெனியில் தமக்கு இருந்த பங்குகளில் பத்தே பத்தை வைத்துக்கொண்டு மீதி அத்தனையையும் மனைவிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். உலகத்துக்கே தூரத்துக் குரலைக் கேட்க வைத்தவரின் மனைவி அந்தக் கருவியில் ஒரு சொல்லையும் கேட்டதில்லை. அவர்களுடைய பெண்கள் இருவருக்கும் காது நன்றாகக் கேட்டது.

ஆனால் இந்தப் பெல் செய்த இன்னொரு காரியமும் உண்டு. 1883-ல் அமெரிக்க விஞ்ஞான சபையில் ஒரு கட்டுரை படித்தார். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டு போனால் காது கேளாத தனி ஜாதியே உண்டாகிவிடும் என்று அதில் அச்சம் தெரிவித்தார். அப்படிப்பட்ட கல்யாணங்கள் நடவாமல் இருக்க அவர்களைத் தனிப் பள்ளிகளில் சேர்த்து வைக்கலாகாது, சைகைப் பாஷை கூடாது என்றார். அதற்கு மூன்று வருஷம் முன்புதான், 1880-ல், இத்தாலியில் மிலான் நகரத்தில் கூடிய ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் வாய்ப்பேச்சுத்தான் கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தது. பல நாடுகளில் குழந்தைகளின் கைகள் கட்டுண்டன. அந்தத் தீர்மானத்துக்காக மாநாட்டின் வழிவந்தவர்கள் வருத்தம் தெரிவித்தது 2010-ல். நூற்று முப்பது வருஷம் கழித்து!

பெல்லின் அச்சம் எவ்வளவு தூரம் சரி? இன்றைய கணக்கு வேறு. காது கேளாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கிற பெற்றோருக்குப் பிறந்தவர்கள். காது கேளாத தம்பதிகளின் குழந்தைகளிலோ பெரும்பாலோருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. டிக்கன்ஸ் கதையில் வந்த "தாத்தா" என்ற சொல் கற்பனையாக இருக்கலாம், அதிசயம் அல்ல.

நம் திரையிலும் இந்தப் பயம் பேசப்பட்டிருக்கிறது. 1972-ல் குல்சார் எடுத்த 'கோஷிஷ்' இந்திப் படத்தில் காது கேளாத இருவர் மணந்துகொள்கிறார்கள். அதுவே 1977-ல் கமல்ஹாசனும் சுஜாதாவும் நடித்துத் தமிழில் 'உயர்ந்தவர்கள்' ஆயிற்று. 2007-ல் ராதாமோகன் எடுத்த 'மொழி' படத்தில் ஜோதிகா நடித்த அர்ச்சனாவைப் பலருக்கு நினைவிருக்கும். காது கேளாத அவளைக் காதலிப்பவனோ இசையையே தொழிலாகக் கொண்டவன். அவள் மறுப்பதற்குக் காரணம் காதல் இல்லாமை அல்ல. தன் குறையைக் கண்டு தகப்பன் ஓடிப்போனதைப் பார்த்தவள். தனக்குப் பிறக்கும் குழந்தையும் இப்படி இருந்தால் கட்டினவன் என்ன செய்வான் என்ற பயம். அந்தப் பயத்தைத் தாண்டித்தான் அவளுக்குக் கல்யாணம். மந்தாகினி வேலைத் தாங்கி விழுந்து ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து, தமிழில் ஒருத்தி மணவறைக்கு வந்து சேர்ந்தாள்.

மூன்றாவது வரன்

டிக்கன்ஸின் கதையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு பக்கத்துக்குச் சுருக்கி எழுதி அத்தையிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள். கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு சிலேட்டைத் தொடாமல், வாயைத் திறந்து பேசினாள்.

"எனக்கு மூன்று வரன் வந்தது, உனக்குத் தெரியுமோ?"

"இரண்டு வரன் தட்டிப்போயிற்று என்று அப்பா சொல்லியிருக்கிறார்" என்று எழுதினேன்.

"மூன்றாவதைப் பற்றி உன் அப்பாவுக்கே தெரியாது. அவன் அப்பொழுது சின்னப் பையன். கும்பகோணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. அவருக்கும் காது கேட்காது. இயந்திரம் போடுகிற சத்தம் அவரை ஒன்றும் செய்யாது என்று முதலாளிக்கு அவரிடம் பிரியமாம். பெண் பார்க்க வந்தபோது நான் என் சிலேட்டை நீட்டினேன். 'என்ன புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?' என்று எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பழகிவிட்டது போலிருக்கிறது, வலப் பக்கத்திலிருந்து ஓர் எழுத்தைத் தலைகீழாகவும் எழுதிக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? இரண்டு பேருக்கும் காது கேட்காவிட்டால், ராத்திரி குழந்தை அழுதால் யார் எழுந்திருப்பார்கள் என்று பெரியவர்கள் கேட்டார்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. நீ பிறந்து உன் அம்மா ஜுரமாகக் கிடந்தாளே, பதினைந்து நாள், அப்பொழுது நீ என் பக்கத்தில்தான் படுத்திருந்தாய். உன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு தூங்குவேன். நீ அழ ஆரம்பிப்பதற்கு முன்பே வயிறு குலுங்கும். எழுந்துவிடுவேன்."

எனக்குச் சிலேட்டில் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளிலும் உறவிலும் காது கேளாத பெண்கள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்ஸன் என்ற மாது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அன்றிலிருந்து எத்தனையோ பேர் படித்தார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள், தங்களுக்குள் காதலித்து மணந்து, பேசும் பிள்ளைகளைப் பெற்று, சுகமாக வாழ்கிறார்கள். குழந்தை அழுதால் விளக்கு எரிகிற, தலையணை அதிர்கிற கருவிகூட இன்று கடையில் கிடைக்கிறது. ஆனாலும் வரன் பேசும் இடத்தில் அந்தப் பழைய கேள்வியை இன்னும் கேட்கிறார்கள். பெண்ணைக் கேட்காமல் பக்கத்திலுள்ளவர்களைக் கேட்கிறார்கள். சிலேட்டை அவள் கையில் கொடுத்து அவளையே கேட்டால் என்ன?

கட்டுரையை முடிக்கும்முன் அத்தையிடம் காட்டினேன். மூன்றாவது வரனைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். பெயர் போடாமல் எழுதலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டு, சிலேட்டை எடுத்து அடியில் ஒரு குறிப்பு எழுதினாள். அது எங்கள் ஆசிரியருக்கும், இந்தப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கும்:

"அடுத்த தொடரில் காது கேட்காதவள் ஒருத்தியைக் கதாநாயகியாக வையுங்கள். அவளைச் சாகடிக்க வேண்டாம். அண்ணன் என்று யாரையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டாம். கல்யாணம் பண்ணி வையுங்கள். மேளத்தில் சிக்கனம் வேண்டாம். கெட்டிமேளம் எனக்குக் காதில் விழாது. ஆனால் தரையில் உட்கார்ந்தால் தெரியும்."